கோடுகள் போலியல்ல

இந்த அறையில் எதிரொலி கொஞ்சம் அதிகம். ஜன்னல் திரையை முழுதாக இழுத்துவிட்டு, அந்தக் காலி அலமாரியின் கதவையும் சாத்திவிட்டால் உங்கள் ஒலிப்பதிவு தெளிவாக இருக்கும். பேச்சு எப்படிப் புரிகிறது என்று முப்பது வருடமாகப் பாடம் நடத்துகிறவள் நான். பின்னால் யாராவது இதைக் கேட்டுவிட்டு, "அந்த அம்மா என்ன சொல்லுதுன்னே புரியலை" என்று சொன்னால் எனக்குத்தான் வெட்கக்கேடு.

நன்றி. இப்போது சரி.

உங்கள் விசாரணைக் குழுவின் அறிக்கையை இரண்டு முறை வாசித்தேன். நான் வகுப்பில் காட்டிய கோடு போலி, ஆளே இல்லாமல் நானாக வரைந்தது என்று ஏழாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். கடைசிப் பக்கத்தில் என் கணவரைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது. நீங்கள் செய்த சோதனையை வைத்து, வருகிற திங்கட்கிழமை அவரைக் காப்பகத்தில் பேச்சுப் புரியாதவர்களின் பிரிவில் சேர்க்கப்போகிறார்கள். அங்கே பேச்சுப் பயிற்சி கிடையாது. வேளாவேளைக்குத் துடைத்துவிடுவார்கள், திருப்பிப் படுக்க வைப்பார்கள். பேச மாட்டார்கள்.

அந்த வரிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஏழாம் பக்கம்.

என்னைத் திமிர் பிடித்தவள் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். போலிச் சரக்கு விற்றவள் என்று மட்டும் எழுத விடமாட்டேன். நான் துணிக்கடையில் வளர்ந்தவள். சித்தப்பா, பெரியப்பா, மாமா என்று வீட்டில் அத்தனை பேரும் வியாபாரிகள். பொண்ணு பார்க்க வந்தவர்களிடமே பேரம் பேசிவிட்டுத்தான் தண்ணீர் கொடுத்த குடும்பம். ஆனால் நூலில் கலப்படம் செய்ததாக எங்களை யாரும் சொன்னதில்லை. அப்பா பொய் சொல்வார், தாராளமாகச் சொல்வார். விலையில் சொல்வார், "உங்களுக்காகத்தான்" என்பதில் சொல்வார். சரக்கில் சொல்ல மாட்டார்.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒன்றுதான் என் ஆராய்ச்சி முழுவதும். எட்டு வயதில் என்னைக் கல்லாவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார வைத்து, "வர்றவங்க வாயைப் பார்க்காதே பாப்பா, கண்ணைப் பாரு" என்றார். வந்தவர் "இதெல்லாம் ஒண்ணும் சரியில்லீங்க" என்று உதட்டைப் பிதுக்குவார். அவர் கண் அதற்குள் மூன்றாவது தட்டில் இருக்கும் நீலத்துக்குப் போய்த் திரும்பியிருக்கும். அப்பா இருபது துணியை விரித்துக் காட்டிக் களைக்க வைத்துவிட்டு, கடைசியில் அந்த நீலத்தை எடுப்பார்.

நான் அதையே கேமரா வைத்துச் செய்தேன். ஒருவரைத் திரைக்கு முன்னால் உட்கார வைப்போம். நடுவில் ஒரு சின்னக் கூட்டல் குறி, நாலு மூலையில் நாலு படம்: குடை, சாவி, பந்து, ரொட்டி. காதில் ஒரு வாக்கியம். "வெளியே மழை கொட்டியது. அவள் கிளம்பும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டது..." அடுத்த சொல் இன்னும் வரவில்லை. கண் குடைக்குப் போய்விடும். கேட்கிறவர் யாரும் பேசுகிறவர் முடிக்கட்டும் என்று காத்திருப்பதில்லை. முன்னாலேயே போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். கண் போகும் வேகத்தைக் கணினி ஒரு கோடாகப் போடும். அந்தக் கோடுதான் இப்போது நம் இருவருக்கும் நடுவில் கிடக்கிற கோடு.

என் சோதனைகளில் வரும் வாக்கியங்கள் எல்லாம் என் கணவரின் குரல். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவர். குரல் அப்படி, அக்கம்பக்கத்தில் அவருக்கு வானொலி என்றுதான் பெயர். ஒவ்வொரு சொல்லும் சலவை செய்து மடித்த மாதிரி வந்து விழும். மூவாயிரத்துச் சொச்சம் வாக்கியங்கள் பதிந்து கொடுத்திருக்கிறார். இந்தத் துறையில் படித்த பிள்ளைகள் அத்தனை பேர் காதிலும் அவர் பேசியிருக்கிறார்.

அவரிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். நான் பேச ஆரம்பித்ததை அவர் முடித்துவிடுவார்.

"நாளைக்கு நான் கொஞ்சம்..."

"லேட்டா வருவே. சரி."

"அது இல்லை, அந்தக் கூட்டத்துல..."

"உங்க துறைத் தலைவர் பேசறாரு. போயிட்டு வா."

சரியாகவும் இருக்கும், அதுதான் வினை. தப்பாகச் சொன்னால் சண்டை போடலாம். சரியாகச் சொல்கிறவரை என்ன செய்வது? இருபத்தாறு வருடம் ஒரு வாக்கியத்தைக்கூட நான் என் வீட்டில் சொந்தமாக முடித்ததில்லை. எங்கள் குடும்பத்தில் கடைசியாகப் பேசுகிறவர்தான் ஜெயித்தவர் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வருத்தமாகச் சொல்லவில்லை. தகவலுக்குச் சொல்கிறேன்.

பக்கவாதம் வந்தது பதிவு அறையில்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். "அம்மா குழந்தைக்கு" என்றார். நின்றார். நான் பொத்தானில் விரலை வைத்துக் காத்திருந்தேன். இடைவெளி விட்டுப் படிக்கிறார் என்று நினைத்தேன். அந்தப் பதிவு இருக்கிறது, அளந்தும் பார்த்திருக்கிறேன். ஒரு நிமிடம் நாற்பது நொடி காத்திருக்கிறேன்.

உயிர் பிழைத்தார். பேச்சு போனது, வலது கை போனது. நாற்பதாம் நாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நாக்கை நீட்டுங்கன்னா முழிக்கிறாரு. கண்ணை மூடுங்கன்னா கையை அசைக்கப் பார்க்கிறாரு. புரியலையா, இல்லை புரிஞ்சும் செய்ய முடியலையா, எனக்குத் தெரியலை மேடம். இதுல நீங்கதான் பெரிய ஆளு. பார்த்துச் சொல்லுங்க. அதை வெச்சுத்தான் பேச்சுப் பயிற்சி கொடுக்கலாமா வேணாமான்னு முடிவு."

அவரைச் சக்கர நாற்காலியில் என் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். எண்பது வாக்கியம், அவர் குரலிலேயே. சோதனை என்ன சொன்னது என்பதை அப்புறம் சொல்கிறேன். துணியை விரிப்பதற்கு முன்னால் விலை சொல்வது எங்கள் வழக்கமில்லை. சாயங்காலம் படிவத்தை நிரப்பினேன். 'பேச்சைப் புரிந்துகொள்ளும் திறன்' என்ற இடத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டேன். டாக்டர் பெருமூச்சு விட்டார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அந்த வருடம் என் புத்தகம் அச்சுக்குப் போய்க்கொண்டிருந்தது. பேசும் வல்லமை போனால், பிறர் பேச்சை முன்கூட்டி ஊகிக்கும் வல்லமையும் கூடவே போய்விடும் என்பது என் கொள்கை. பதினைந்து வருட உழைப்பு. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். அது ஒரு காரணம்தான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண் தானாகவே வீட்டுக்கு வந்தாள். பை நிறையப் பட அட்டைகள்.

"சும்மா பத்து நாள் பார்க்கலாமே மேடம். எனக்கென்னமோ அவர் கேட்கிற மாதிரி இருக்கு."

"கேட்கிறது வேற, புரியறது வேற கண்ணு. மின்விசிறியைக்கூடத்தான் கேட்கிறாரு."

"முதல் ஆறு மாசம் போச்சுன்னா அப்புறம் கஷ்டம்னு சொல்லுவாங்களே."

"யாரு சொல்லுவாங்க?"

"நீங்கதான் மேடம். உங்க மூணாவது வாரப் பாடத்துல."

நல்ல மாணவியாக இருந்திருக்கிறாள். தேநீர் கொடுத்து அனுப்பி வைத்தேன்.

என் நாத்தனார்தான் கொஞ்சம் சிரமம். அவர் தங்கை, ஞாயிறு தவறாமல் வருவாள். அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு ஊர்க் கதையெல்லாம் சொல்வாள். "அண்ணி, அண்ணனுக்கு எல்லாம் புரியுது அண்ணி. நான் என் மாமியாரைப் பத்திச் சொன்னா உதட்டுல சிரிப்பு வருது பாருங்க" என்பாள்.

"அது உன் குரலுக்கு வர்ற சிரிப்பு. சொல்லுக்கு இல்லை. நாய்க்குட்டியைக் கொஞ்சினா வாலாட்டும். அதுக்கு இலக்கணம் தெரியுமா?"

அவள் முகம் தொங்கிவிட்டது. வாயால் சொன்னால் நம்ப மாட்டாள் என்று செய்தே காட்டினேன். வகுப்பிலும் நான் அப்படித்தான். அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு, குழந்தையைத் தாலாட்டுகிற குரலில், "உங்களை நாளைக்கே காப்பகத்துல தள்ளிடப் போறோம். இனிமே தங்கச்சி வரவே மாட்டா. உங்களால எங்களுக்குப் பெரிய தொல்லை" என்றேன். தேன் மாதிரிக் குரல். புரியாதவராக இருந்தால் சிரிக்க வேண்டும்.

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"பாருங்க அண்ணி, அழறாரு! அழறாரு!"

"பக்கவாதம் வந்தவங்களுக்குக் கண்ணுல தண்ணி காரணமே இல்லாம வரும். எந்தப் புத்தகத்துல வேணும்னாலும் இருக்கும், எடுத்துப் பாரு."

இருக்கிறது, அது பொய்யில்லை. அவள் எடுத்துப் பார்த்தும் இருக்கிறாள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போவாள். பிறகு ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு.

சாயங்காலங்களில் நான் அவரிடம் பேசுவேன். கல்லூரியில் யார் என்ன சொன்னார்கள், நான் என்ன நினைத்தேன், அவர் என்னை எங்கெங்கே மட்டம் தட்டினார், எந்தக் கல்யாணத்தில் யார் முன்னால். எல்லா வாக்கியங்களையும் வினைச்சொல் வரை கொண்டுபோய் முடித்தேன். நீங்கள் அதைச் சித்திரவதை என்று எழுதலாம். நான் குரலை உயர்த்தியதே இல்லை. அவருக்கு ஒரு நாள்கூடப் படுக்கைப் புண் வந்ததில்லை. மருத்துவமனைக் குறிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதம் ஒரு முறை அவரை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போவேன். காவலாளியின் பதிவேட்டில் தேதிகள் இருக்கும். இருபத்து மூன்று முறை. புரியாதவரை எதற்கு இருபத்து மூன்று முறை சோதிக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. "பாவம், நம்பிக்கையை விடாம இருக்காங்க" என்று துறைத் தலைவர் எல்லோரிடமும் சொன்னாராம்.

இப்போது நர்ஸம்மா. அவளைப் பற்றி உங்களுக்குத் தெரியும். புகார் கொடுத்தவளே அவள்தான். பதினெட்டு வருடம் மருத்துவமனையில் செவிலியாக இருந்துவிட்டு நாற்பத்தைந்து வயதில் படிக்க வந்தவள். கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்குகிறாள் என்று நினைத்திருந்தேன். ஆரோக்கியமான ஒருவர் எப்படிக் கேட்கிறார் என்று பாடம் நடத்தும்போது ஒரு கோட்டை, ஒவ்வொரு மூலைப் படத்துக்கும் கண் போன நேரத்தோடு, திரையில் போட்டேன். 'ஆரோக்கியமான ஆண், ஐம்பதுக்கு மேல்' என்று தலைப்பு. இத்தனை வருடத்தில் அவ்வளவு சுத்தமான கோடு எனக்குக் கிடைத்ததில்லை. வாலிபப் பிள்ளைகளின் கோடுகூட நடுங்கும். இது பட்டுப் போல ஏறும்.

கை உயர்ந்தது. "மேடம், ஒரு சந்தேகம். இடது பக்கப் படத்துக்குக் கண்ணு பட்டுன்னு போகுது. வலது பக்கப் படத்துக்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தயங்கித்தான் போகுது."

"சிலருக்கு அப்படி இருக்கும்."

"இல்லை மேடம். எங்க வார்டுல பார்த்திருக்கேன். பேச்சு போன பக்கவாதக்காரங்களுக்குத்தான் வலது பக்கம் இப்படி மங்கும். சாப்பாட்டுத் தட்டுல வலது பாதியை அப்படியே வெச்சிருவாங்க. இவரு ஆரோக்கியமானவர் இல்லை மேடம். இவரு யாரு?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "உங்களை டாக்டராக்காம விட்டுட்டாங்களே" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஏன் அந்தக் கோட்டைப் போட்டேன் என்று துறைத் தலைவரும் கேட்டார். அவர் கடையில் வளர்ந்தவர் இல்லை. நல்ல சரக்கை உள் அறையில் பூட்டி வைத்துக்கொண்டு தூங்க முடியாது சார். தலைப்பை மாற்றியாவது முகப்பில் தொங்க விடத்தான் கை போகும்.

ஆக, அந்தக் கோடு போலியல்ல. அது என் கணவரின் கண். ஒன்பதாம் மாதத்துப் பதிவு, எண்பது வாக்கியத்தில் எழுபத்தொன்பது சரி. முதல் பதிவிலேயே, டாக்டர் கேட்ட அன்றைக்கே, எழுபத்தெட்டு சரி. மழை என்றால் குடைக்குப் போனது. பூட்டு என்றால் சாவிக்குப் போனது. சொல் வருவதற்கு முன்னால், அவர் எப்போதும் போவதைப் போலவே. அவருக்கு எல்லாம் புரிந்தது. முதல் நாளிலிருந்து புரிந்தது. டாக்டர் பேசியது, பயிற்சி கொடுக்க வந்த பெண்ணை நான் திருப்பி அனுப்பியது, தங்கச்சி முன்னால் தேன் குரலில் நான் சொன்னது, சாயங்காலம் சொன்னது, எல்லாம். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் 'இல்லை' கட்டத்தில் குறியிட்டேன்.

இப்போது உங்கள் சோதனைக்கு வருவோம். அந்தக் கோடு என் கணவருடையது என்று நர்ஸம்மா புகாரில் எழுதியதைச் சரிபார்க்க, புதன்கிழமை என் ஆய்வுக்கூடத்திலேயே வைத்தீர்கள். இயந்திரத்தை ஓட்ட வேறு ஆள் கிடைக்காமல் என்னையே ஓட்டச் சொன்னீர்கள். அவர் உள்ளே வந்ததும் நான் விசைப்பலகை முன்னால் இருப்பதைப் பார்த்தார். நாற்பது நிமிடம், எண்பது வாக்கியம். அவர் கண் நடுவில் இருக்கும் கூட்டல் குறியை விட்டு நகரவில்லை. கண்ணாடிக்கு வெளியே நாத்தனார், "அண்ணா, பாருண்ணா. ஒரே ஒரு தடவை குடையைப் பாருண்ணா" என்று விம்மிக்கொண்டிருந்தாள். அவர் பார்க்கவில்லை. உடனே உங்கள் நிபுணர் எழுதிவிட்டார்: இவருக்குப் புரிதல் இல்லை, ஆகவே இருபத்திரண்டு கோடும் இட்டுக்கட்டியவை.

உங்கள் நிபுணர் எங்கே படித்தார் என்று தெரியவில்லை. புரியாதவர் முன்னால் நாலு படம் மின்னினால் அவர் வேடிக்கை பார்ப்பார். கண் நாலா பக்கமும் மேயும். காதில் சொல் விழ விழ, கண் போக வேண்டிய இடம் தெரிந்து, அங்கே போகாமல் அதைப் பிடித்து வைப்பதுதான் இருப்பதிலேயே கடினமான வேலை. என் மாணவர்களைச் செய்யச் சொல்லியிருக்கிறேன். பத்து நிமிடம் தாண்டியவர் இல்லை. இவர் நாற்பது நிமிடம் பிடித்து வைத்திருந்தார். எண்பது வாக்கியமும் புரிந்தால் ஒழிய அப்படிப் பார்க்காமல் இருக்க முடியாது.

அது முதல் தடவையும் இல்லை. இருபத்து மூன்றாவது முறை கூட்டிப்போனபோதே தொடங்கிவிட்டது. நடைபாதையில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே சொன்னேன்: "உங்க கோட்டை வகுப்புல போட்டேங்க. பசங்க வாயைப் பிளந்துட்டாங்க. அடுத்த பதிப்புல அட்டையிலயே போடலாம்னு இருக்கேன்." சந்தோஷப்படுவார் என்றுதான் சொன்னேன். அவர் தலையைத் திருப்பி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அன்றைக்குத் திரையில் கூட்டல் குறியை விட்டு அசையவில்லை. குறிப்பில் 'களைப்பு' என்று எழுதிவைத்தேன்.

புதன்கிழமையும் ஏன் அப்படிச் செய்தார், தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்வாரா என்று நீங்கள் கேட்பது நியாயம். ஒரு குடையைப் பார்த்திருந்தால் திங்கட்கிழமை காப்பகம் இல்லை. தங்கை வீட்டுக்குப் போயிருக்கலாம். நான் யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தோன்றுவது இதுதான்: அவர் கண் அசைந்தால் நான் மாட்டிக்கொள்வேன் என்று அவருக்குத் தெரியும். கட்டினவளைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. நீங்கள் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள்? வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

இதோ, பதிவுகள் இருக்கும் வட்டு. தேதி வாரியாக இருபத்திரண்டும் இருக்கின்றன, மூலப் பதிவோடு. உங்கள் நிபுணர் எத்தனை முறை வேண்டுமானாலும் உரசிப் பார்க்கட்டும். ஏழாம் பக்கத்தை மாற்றி எழுதிக் கொடுங்கள். கடைசிப் பக்கத்தையும் மாற்றுங்கள், அவருக்குப் புரிகிறது என்று. நாத்தனார் கூட்டிப்போகட்டும், பயிற்சி கொடுக்கட்டும். இரண்டு வருடம் போய்விட்டது, பெரிதாக ஒன்றும் வராது. அது என் பாடத்திலேயே இருக்கிறது.

அவர் போவதற்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் எனக்குக் கொடுங்கள். இதையெல்லாம் நீங்கள் போய் அவரிடம் சொன்னால் கலங்கிப்போவார். நானே பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாக எடுத்துச் சொல்கிறேன். நான் சொன்னால் அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். இந்த இரண்டு வருடத்தில் அவர் ஒரு தடவைகூட என்னை மறுத்துப் பேசியதில்லை.